ஹீட் பம்பைக் கழற்ற விடாதே

ராஸ் அல் கைமா
பிப்ரவரி 1, ஞாயிறு

அன்பு மகள் சங்கீதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் அர்ஜுனும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதத்தான் ஆசை, ஆனால் சொந்த வீட்டு ஹாலுக்குள் கோட்டும் கம்பளிக் குல்லாவும் போட்டுக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்த பிறகு எந்தக் கையால் சுகம் என்று எழுதுவது. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் உன் பக்கம் ஸ்பீக்கர் போட்டிருக்கிறது, என் பக்கம் உன் அம்மா போனைப் பிடுங்குகிறாள், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டுவிட்டு ஓகேப்பா என்று ஒரு கட்டை விரலை அனுப்புகிறாய். காகிதத்தை வேகமாக ஓட்ட முடியாது. உன் தமிழுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும், அப்படியே படி, அவசரமில்லை. கூரியர்காரன் நாலு நாளில் வந்துவிடும் என்கிறான், ஹீட் பம்பைக் கழற்ற ஆள் வருகிற ஒன்பதாம் தேதிக்கு முன்னால் உன் கையில் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, அப்பா விட்டுருப்பா, ஹீட் பம்ப் வேண்டாம், கேஸ் பாய்லரே மாட்டிக்கிறோம், நான் தோத்துட்டேன், அவர்கிட்ட சாரியும் சொல்லிட்டேன் என்றாய். அதற்குப் பின்னால் சமையலறையிலிருந்து மாப்பிள்ளை சொன்னதும் எனக்குக் கேட்டது. பாலைவனத்துல ஏ.சி. ஃபில்டர் கழுவுனவருக்கு ஷெஃபீல்டு குளிரைப் பத்தி என்ன தெரியும் என்றார். மணிமாறன் நல்ல பிள்ளை, உன்னைக் கண் கலங்க விடாதவர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஃபில்டர் கழுவியது உண்மை. முதல் இரண்டு வருஷம் இந்த செராமிக் கம்பெனி கேம்பில் நானூறு ஜன்னல் ஏ.சி.க்கு ஃபில்டர் மட்டும்தான் கழுவினேன், கூச்சமே இல்லாமல் சொல்லுகிறேன். அதற்குப் பிறகு இருபத்து நாலு வருஷமாக நான் செய்கிற வேலை ஒன்றுதான், ஓர் இடத்தில் இருக்கிற சூட்டை எடுத்து இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ப் போடுவது. ரூமில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே போட்டால் அதற்குப் பேர் ஏ.சி. வெளியே இருக்கிற சூட்டை எடுத்து உள்ளே போட்டால் அதற்குப் பேர் ஹீட் பம்ப். நடுவில் இருப்பது ஒரே கம்ப்ரஸர், சூட்டைச் சுமக்கிற ஒரே கேஸ், ஒரே செம்புக் குழாய், கேஸைத் திருப்பிவிட ஒரு ஃபோர்வே வால்வு மட்டும் கூடுதல். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி கொதிக்கும்போது அந்தக் கொதிப்புக்குள்ளேயே இன்னும் சூட்டைத் திணித்தவன் நான். ஐந்து டிகிரிக் குளிரிலிருந்து சூட்டை உருவுவது எனக்குப் புரியாத வித்தை இல்லை. இதை மாப்பிள்ளையிடம் உரக்க வாசித்துக் காட்டு, எனக்கு ஒன்றும் பயமில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஒரு தப்பு என்னுடையது. வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த உன் பழைய பாய்லர் போன கோடையில் செத்துப்போனபோது மாப்பிள்ளை புது கேஸ் பாய்லர் போடலாம் என்றார், நீ என்னைக் கேட்டாய், நான் ஹீட் பம்ப் என்றேன், நீ அப்பா பேச்சை நம்பி அவரோடு மல்லுக்கட்டி, அரசாங்க மானியம் போக மீதிக்கு உன் சேமிப்பைப் போட்டு அக்டோபரில் மாட்டினாய். நவம்பரில் முதல் குளிர் வந்ததும் வெளியே வைத்திருக்கிற யூனிட்டில் வெள்ளையாகப் பனி அப்பியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினாய். நான் டியூட்டியில் ஏணி மேல் நின்றுகொண்டு அரை நிமிஷம் பார்த்துவிட்டு, கேஸ் ஷார்ட், ஆளைக் கூப்பிடு என்றேன். இங்கே எங்களுக்கு மிஷினில் ஐஸ் கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கேயோ கேஸ் கசிகிறது. அந்தக் கைப்பழக்கம் பேசிவிட்டது. உன் ஊர் ஆள் வந்து, ஒரு குறையும் இல்லை, இது இப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கே மாப்பிள்ளை கண்ணில் நான் பாலைவனத்துக்காரன் ஆகிவிட்டேன், அது நியாயமும்தான்.

நியாயம் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா. போன புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஜெபல் ஜைஸ் மலைக்குப் போனேன். அங்கே சுற்றுலாக்காரர்கள் தங்குகிற மரக் கேபின்களைப் பராமரிக்கிற செய்கு அலாவுதீனை உனக்கு நினைவிருக்கும், கீழக்கரைக்காரர், ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் நம் வீட்டுக்கு வாளி நிறையப் பிரியாணி அனுப்புவாரே அவர்தான். அந்தக் கேபின்களில் ஹாட் அண்ட் கூல் ஸ்ப்ளிட்தான் மாட்டியிருக்கிறார்கள், குளிர் நாளில் அதுவும் உன்னுடையது மாதிரி ஹீட் பம்ப்தான். விடியற்காலை ஆறு மணிக்கு மலை மேல் நாலு டிகிரி, மூடுபனி, உன் அம்மாவின் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு ஓர் அவுட்டோர் யூனிட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ அனுப்பிய படம் மாதிரியே அதன் முதுகில் வெள்ளை படிந்தது. படிந்து படிந்து கனமானதும் ஃபேன் திடீரென்று நின்றது, உள்ளே புஸ் என்று ஒரு சத்தம், மிஷினிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. இருபத்தாறு வருஷ சர்வீஸ் போட்ட நான் பதறிப்போய் பிரேக்கரை இறக்க ஓடினேன். அலாவுதீன் என் கையைப் பிடித்து, பொறுங்க பாலகுரு, அது குளிச்சிட்டு வருது என்று சிரித்தார். ஐந்து நிமிஷத்தில் பனி முழுக்கத் தண்ணீராக ஒழுகி, மிஷின் தன்பாட்டுக்கு மறுபடி ஓடத் தொடங்கியது. கேபினுக்குள் போய்ப் பார்த்தேன், இருபத்திரண்டு டிகிரி. கிளாம்ப் மீட்டர் வைத்துக் கரண்ட்டையும் பார்த்தேன், அதே கேபினுக்கு அவர் முன்னால் வைத்திருந்த கம்பி ஹீட்டர் இழுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கும் முன்னால் காவல்காரப் பையன்கள் கேபினுக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார்களாம், ஒருவனை மயங்கிக் கிடந்த நிலையில் தூக்கிக்கொண்டு மலை இறங்கியதாகச் சொன்னார். உன் கேஸ் பாய்லர் அப்படிப்பட்டது இல்லை, புகைக்குத் தனிக் குழாய் உண்டு, எனக்குத் தெரியும், பூச்சாண்டி காட்ட இதை எழுதவில்லை. எனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டு போய்க் கற்றுக்கொண்டு வந்தேன் என்பதற்காக எழுதுகிறேன். ஆக உன் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

மிஷின் நன்றாக இருந்தால் டிசம்பர் பில் ஏன் போன வருஷ கேஸ் பில்லைப் போல இரண்டு மடங்கு வந்தது, வீடு ஏன் சூடாகவில்லை என்று மாப்பிள்ளை கேட்பார், கேட்கத்தான் வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்ததிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். உன் அம்மா வேறு, ரெண்டு ஆம்பளைக ரோசத்துல எம்புள்ள குளுருல கெடந்து சாகுறா, பேசாம அந்தப் பாய்லரையே மாட்டச் சொல்லுங்க என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தட்டை மட்டும் முன்னால் வைத்தாள். வெள்ளிக்கிழமை உன்னிடம், எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டர் ஆப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேனே, அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. காலை ஆறு மணிக்கு ஒரு உயரக் கோடு, எட்டு மணிக்குப் பூஜ்யம், சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி வானம் வரைக்கும் ஒரு கோடு, பத்து மணிக்குப் பூஜ்யம். பல் போன சீப்பு மாதிரி இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, இது யார் வீடு என்று தெரிகிறதா என்றேன். அவள் பார்த்துவிட்டு, அட, நம்ம வீடுதான என்றாள்.

நம் வீடேதான். நீ வேலைக்குக் கிளம்பும்போது ஹீட் பம்பை அணைத்துவிட்டுப் போகிறாய். திரும்பி வந்து முப்பதில் வைத்து முடுக்குகிறாய். சுடுதண்ணீர் ஓடி ரூமைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களில் ஐந்தை மூடிவிட்டு அர்ஜுன் ரூமை மட்டும் சூடாக்குகிறாய். இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது. நான்தான். வாசல் தாண்டும்போது ஏ.சி.யை அணை, வெயிலில் இருந்து வந்தால் பதினாறில் வை, ஒரு ரூமில் மட்டும் ஓடட்டும் எல்லோரும் அங்கேயே படுங்கள் என்று உன் சின்ன வயசு முழுக்கக் கத்தினது நான்தான். கரண்ட் பில் வரும் வாரத்தில் என் குரல் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்குமாம், மேல் வீட்டு மதீனா பீவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த வீட்டுக்கு அந்தப் பழக்கம் சரி. உன் மிஷினுக்கு அதுதான் விஷம். ராத்திரி முழுக்கவும் பகல் முழுக்கவும் சுவரும் தரையும் சில்லிட்டுப் போன வீட்டை இரண்டு மணி நேரத்தில் சூடாக்கு என்றால் அது மூச்சு வாங்கும், கரண்ட்டைத் தின்னும், சூடும் தராது. நீ சாரி சொன்னது தப்பு. சொல்ல வேண்டியவன் நான், இங்கே சொல்லிவிட்டேன், அதற்கு மேல் யாரும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஹீட் பம்பை மாட்டிய உன் கம்பெனிக்காரனும் பழைய பாய்லர் பழக்கத்தில் ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரை அறுபது டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதுவும் நீ சேர்த்து அனுப்பிய ஹீட் பம்ப் ஆப் படத்தில் தெரிகிறது. வீட்டு மோட்டாரை நினைத்துக்கொள், முதல் மாடித் தொட்டிக்கு ஏற்றினால் கொஞ்சம் கரண்ட், பத்தாம் மாடித் தொட்டிக்கு ஏற்றினால் நிறைய. இதுவும் ஏற்றுகிற மிஷின்தான், தண்ணீருக்குப் பதில் சூட்டை ஏற்றுகிறது. அறுபது என்பது பத்தாம் மாடி. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு நாலு யூனிட் சூடு கொடுக்கக்கூடிய மிஷின் அங்கே இரண்டு கொடுத்தாலே பெரிது. உங்கள் ஊரில் கரண்ட் கேஸைவிட ஏறக்குறைய நாலு மடங்கு விலை என்று மாப்பிள்ளை சொன்னது சரியான கணக்கு, அதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இரண்டு யூனிட் சூடு வாங்கினால் நஷ்டம்தான், நாலு வாங்கினால் கேஸுக்குச் சமமாக வந்து நிற்கும், ராத்திரி மலிவுக் கரண்ட் திட்டம் போட்டால் அதற்குக் கீழேயும் இறங்கும். முதல் வருஷத்திலேயே லாபம் கொட்டும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே, விற்கிறவன் அப்படித்தான் சொல்லுவான், நான் விற்கிறவன் இல்லை. பரணில் குளிர் தடுக்கிற பஞ்சு போடாத, கதவுக்குக் கீழே விரல் நுழைகிற வீட்டில் இதை மாட்டாதே என்றுதான் நானே சொல்லியிருப்பேன். உன் வீட்டுக்குப் பரணில் பஞ்சு இருக்கிறது, ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. பிறகு எதற்கு அதைத் தூக்கி எறிய வேண்டும். மிஷின் கெட்டுப்போனால் கழற்றலாம், பழக்கம் கெட்டதற்கு மிஷினைக் கழற்றுவார்களா. ஹீட் பம்புக்கு உன் வீடு பொருந்தவில்லை என்று சொல்கிற அதே கம்பெனிதான் உனக்குப் புதுப் பாய்லரும் விற்கிறது, அதையும் கொஞ்சம் யோசி.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே செய். தண்ணீர்ச் சூட்டை நாற்பத்திரண்டுக்கு இறக்கு, குளிக்கிற தண்ணீர் செட்டிங் வேறு, அதைத் தொடாதே. எல்லா ரூம் ரேடியேட்டரையும் திறந்துவிடு. ரூம் சூட்டைப் பத்தொன்பதில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதே, நீ ஆபீஸ் போனாலும் ஓடட்டும், தூங்கினாலும் ஓடட்டும். ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சுடவே இல்லையே என்று மாப்பிள்ளை சொல்லுவார், சுடக் கூடாது, வெதுவெதுப்பு போதும், நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தால் சுவரே சூடு பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், கை அரிக்கும், தொட்டுவிடாதே. ரொம்பக் கடுமையான குளிர் வந்தால் தண்ணீர்ச் சூட்டை இரண்டு மூன்று டிகிரி மட்டும் ஏற்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு அசிங்கமாகத் தெரிகிறது என்று அவுட்டோரைச் சுற்றி மாப்பிள்ளை அழகாக மரப்பெட்டி அடித்திருக்கிறாரே, அதைக் கழற்றச் சொல், தான் விட்ட குளிர் காற்றையே அது திரும்பக் குடிக்கிறது. தச்சு வேலை சுத்தமாக இருக்கிறது, அதை நான் பாராட்டினேன் என்றும் சொல். வாசல் கதவில் கடிதம் போடுகிற ஓட்டைக்கு ஒரு பிரஷ் பட்டை வாங்கி ஒட்டு.

பதினைந்து நாள் கேட்கிறேன், அதற்கு மேல் இல்லை. ஒன்பதாம் தேதி வருகிற ஆளை மாதக் கடைசிக்குத் தள்ளிப் போடு, அதுவரை அந்த மிஷினில் எவனும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்து அனுப்பு. பதினைந்து நாளில் வீடு சூடாகாமல், பில்லும் இறங்காமல் இருந்தால், நான் சொன்னது தப்பு மாப்பிள்ளை, தாராளமாகக் கழற்றுங்கள் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அதற்கான காகிதத்தைக்கூட இந்த நோட்டில் இருந்து கிழித்துத் தனியே வைத்துவிட்டேன், அது வெற்றாகவே கிடக்கும் என்பது என் நம்பிக்கை. நேரில் வந்து நானே சரி செய்யட்டுமா என்று யோசித்தேன், உன் ஊரில் லைசென்ஸ் இல்லாதவன் கேஸ் குழாயைத் தொடக் கூடாதாம். நல்ல சட்டம், தொடமாட்டேன். வாயால் சொல்ல எந்த ஊரிலும் லைசென்ஸ் கேட்பதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு முடித்துவிடுகிறேன். இதோடு ஓர் அட்டைத் துண்டு வைத்திருக்கிறேன், கெப்பாசிட்டர் வந்த டப்பாவின் அட்டை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் சொல்லச் சொல்லக் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்விட்ச் போர்டு மேல் ஒட்டினாயே, "வெளியே போகும்போது ஏ.சி.யை அணைக்கவும்", அதுதான். மூன்று வீடு மாறியும் உன் அம்மா அதைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டே இருந்தாள். நேற்று அதைக் கழற்றி மேஜையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆயிரம் தடவை அணை அணை என்று உன்னிடம் சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்பது எனக்கு நினைவே வந்ததில்லை. ஐந்து மணிக்கு டியூட்டி பஸ், நீ தூங்கிக்கொண்டிருப்பாய், நான் ஸ்விட்சைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன், உன்னை ஒரு நாளும் அப்படித் தூக்கி நெஞ்சோடு வைத்துவிட்டுப் போனதில்லை. அது இப்போது வலிக்கிறது பாப்பா, வெட்கப்படாமல் எழுதுகிறேன். அட்டையில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அடித்துத் திருத்தியிருக்கிறேன், உன் வீட்டு ஸ்விட்ச் போர்டு மேல் ஒட்டிவிடு.

அர்ஜுன் இருமலுக்கு அம்மா ஓமம் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், எப்படிக் கொடுப்பது என்று போனில் சொல்லுவாளாம். வீடு சூடாகி, குல்லாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் ஒரு நாள் அரைக்கைச் சட்டையோடு வீடியோ காலில் வந்து நிற்க வேண்டும், சாத்தூர் மாரியம்மன் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று பேருக்கும் எங்கள் ஆசி. மறக்காதே, நாற்பத்திரண்டு. தொடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
பாலகுரு
ஏ.சி. மெக்கானிக்

(உள்ளே: அட்டை ஒன்று)

வெளியே போகும்போது அர்ஜுனை அணைக்கவும்.